மலைவழித் தனிமை

சிவமயம்

உயிர் தன் நிலையை ஆராயத் தொடங்குங்கால் எழும் வினாக்களுள் ஒன்று, "யான் தனியனோ, துணையுடையேனோ?" என்பது. வீட்டின்கண் அமர்ந்து நூலாராய்வார்க்கு இது வெறுஞ் சொல்லாராய்ச்சியாகத் தோன்றுதல் கூடும். மழைக்காலத்தில், மக்கள் வழக்கற்ற மலையிடை, தோளில் ஒரு மூட்டையோடு தனியே நிற்பான் ஒருவனுக்கோ இது உயிர்க்குரிய வினாவாகிவிடும். அங்ஙனம் தனித்துச் செல்லுதல் அறமாமோ, அதனால் உயிர் பெறத்தக்க பயன் உண்டோ என்பதனைச் சைவசித்தாந்த நெறிக்கண் நின்று ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாம்.

இதனை எழுதுதற்கு நேர்ந்த காரணத்தை முதற்கண் கூறுதும். எம் ஊர் பொதட்டூர்பேட்டை. திருத்தணிகைக்கு அணித்தாய் ஆந்திர நாட்டெல்லையை ஒட்டி நிற்பது. 1953-ஆம் ஆண்டில் ஆந்திர மாநிலம் பிரிந்த காலை அதன்பாற் சேர்க்கப்பெற்று, 1960-ஆம் ஆண்டில் தணிகையோடு ஒருங்கே தமிழ்நாட்டிற்கு மீண்ட நிலப்பகுதியின்கண் உள்ளது. ஈண்டுப் பெரும்பாலார்க்கு நெசவே தொழில். தெருவில் நிற்பார்க்குக் காதில் விழுவது விசைத்தறியின் ஒலி. கண்ணில் படுவது தொலைவில் நீலநிறமாய் நிற்கும் நகரி மலைத்தொடர். அவ்வொலியினின்று நீங்கி அம்மலையினுட் புகுந்துவிடல் வேண்டும் என்னும் எண்ணம் எம் ஊர் இளைஞர்க்குத் தோன்றுதல் வியப்பன்று.

எம் தமக்கையார் மகன் தறித்தொழில் புரிபவன், இருபத்தாறு வயதினன், சித்தாந்த வகுப்பிற்குத் தவறாது வருபவன். ஐப்பசித் திங்களில் ஒருநாள் எம்பால் வந்து, ஐந்து நாள் உணவும், மழைக்குத் தாங்கும் துணிக்கூடாரமும், ஒரு தோட்பையும் ஆயத்தம் செய்துகொண்டதாகவும், எவரையும் உடன்கொள்ளாது நகரி மலைக்கப்பால் உள்ள காட்டுமலைகளில் நடக்கக் கருதியதாகவும் கூறினான். "மழை தொடங்கிவிட்டதே" என்றேமுக்கு, "அதனாற்றான் செல்கின்றேன், மாமா, மழைக்காலத்தில் அங்கே ஒருவரும் வாரார்" என்று விடையிறுத்தான். அவன் சென்ற பின்னர்த் தமக்கையார் வந்தார். "தம்பி, அவன் உன் சொல்லைத்தான் கேட்பான். போகாதே என்று ஒரு சொல் சொல்" என்று கூறி, வேறொன்றுங் கூறாது எழுந்து போயினார்.

அவ்வொரு சொல்லை உடனே சொல்லிவிடுதல் எளிது. ஆயின், காரணங் காட்டாது தடுப்பது சித்தாந்த நெறியைக் கற்பிப்பார்க்கு அழகன்று. அவன் கூறிய காரணங்களும் புறக்கணிக்கத் தக்கனவல்ல. அவை மூன்று: மக்கட் கூட்டத்தின் நடுவே மனம் சிதறுகின்றது, தனிமையிற் குவியும் என்பது ஒன்று. மலையும் மழையும் காடும் இறைவன் திருவுருவாகலின் ஆண்டு அவனை எளிதில் உணரலாம் என்பது மற்றொன்று. மூன்றாவது ஒரு மேற்கோள். "அப்பர் பெருமான் உடன்வந்தாரை விட்டுக் கயிலைக்குத் தனியே சென்றார் அல்லரோ? மலையின் அளவுதான் வேறு, நெறி ஒன்றன்றோ?" என்பது அவன் வினா. இம்மூன்றனையும் முறையே ஆராய்வாம்.

முதலாவது, தனிமை என்பது யாது? இடத்தால் தனித்தல், மனத்தால் தனித்தல், உயிரால் தனித்தல் என அதனை மூவகைப்படுத்தலாம். இடத்தால் தனித்தல் யாவர்க்கும் இயலும். பேருந்தினின்று இறங்கிக் காட்டு வழியே நான்கு நாழிகை நடந்தால் போதும். மனத்தால் தனித்தல் அரிது. தறிக்கு வாங்கிய கடனும், உடன்பிறந்தாரோடு கொண்ட பிணக்கும், நேற்று ஒருவன் சொன்ன கடுஞ்சொல்லும் அத்தோட்பையினுள் நிறை காட்டாது ஏறிக்கொண்டு உடன் வரும். உரையாடற்கு வேறொருவர் இல்லாமையின் அவை நாள் முழுதும் பேசிக்கொண்டே வரும். மூன்றாவதாகிய உயிரால் தனித்தலோ எவர்க்கும் என்றும் இயல்வதன்று.

என்னை? உயிர் சார்ந்ததன் வண்ணமாம் இயல்பிற்று என்பது நம் ஆசிரியர் துணிபு. பளிங்கு தன்னை அடுத்த பொருளின் நிறத்தைக் காட்டுதல்போல, உயிரும் பாசத்தைச் சார்ந்துழிப் பாசமாயும் பதியைச் சார்ந்துழிப் பதியின் இயல்பிற்றாயும் நிற்கும். ஒன்றனையுஞ் சாராது தானே நிற்கும் நிலை அதற்கில்லை. உடல் கருவி முதலியன யாவுங் கூடாத கேவல நிலையினும் அது தனித்திருப்பதன்று. ஆணவத்தோடு கூடியே கிடக்கும். ஆகலின், "மக்களை விட்டு நீங்கின் யான் தூயவனாவேன்" என்று கருதுதல் பிழை. புறச்சார்பு ஒன்று கழன்றவுடன் அடுத்து வெளிப்பட்டு நிற்பது இறைவனே என்பதற்கு உறுதியில்லை. செம்பிற் களிம்புபோல அநாதியே உடன்கிடந்த ஆணவமே முன்வந்து நிற்றலும் கூடும்.

இதற்கு மழைக்கால மலையே ஒரு சான்று காட்டும். நனைந்த உடம்பு காற்றிடைப் படுமாயின், பனி உறையாத வெளியினுங்கூட, தன் வெப்பத்தை மிக விரைந்து இழக்கும். முதலில் நடுக்கம் உண்டாம். பின்னர்க் கைவிரல் சொற்கேளாது. அதன்பின் அறிவு மயங்கும். அம்மயக்கத்தின் கொடுமை யாதெனின், மயங்கினான் தான் மயங்கியதனை அறியான் என்பதே. நடுக்கம் நின்றதனைக் கண்டு நலம் வந்ததென எண்ணுவான். குளிரால் இறப்பவருட் சிலர் ஈற்றில் வெம்மை மிக்கதாக உணர்ந்து மேலாடையைக் களைந்தெறிதலும் உண்டென மருத்துவர் கூறுவர். உடன் ஒருவர் இருப்பின் அவன் முகங்கண்டு, "உனக்கு உடல் நலமில்லை, இங்கே உட்கார்" என்பார். தனியனுக்கு அது சொல்வார் இல்லை. புற இருள் பிற பொருளை மறைப்பினும் தன்னைக் காட்டும். ஆணவமோ தன்னையுங் காட்டாது என்று திருவருட்பயன் வேறுபடுத்துரைத்ததன் பொருள் ஈண்டு நன்கு விளங்கும். ஒருவன் தன் மறைப்பைத் தானே கண்டுகொள்ள மாட்டாமையாற்றான் குருவும் அடியார் கூட்டமும் வேண்டப்பட்டன. சிவஞானபோதத்தின் பன்னிரண்டாம் நூற்பா, ஞானம் பெற்ற பின்னரும் அடியார் திருக்கூட்டத்தோடு கூடியிருத்தலை விதித்தது. பெற்றார்க்கே கூட்டம் வேண்டுமெனின், பெறாதார்க்குக் கூறவேண்டுவதில்லை.

இனி, மூன்றாவதாகிய மேற்கோளை முன்னர் எடுத்துக்கொள்வாம். இரண்டாவது தானே பின்னர் விளங்கும். திருநாவுக்கரசு சுவாமிகள் கயிலைச் செலவைத் தொடங்கியது எம் ஊர்க்கு அணித்தாகிய திருக்காளத்தியினின்றேயாம். தென்கயிலாயம் எனப்படும் அம்மலையை வணங்கிய காலை வடகயிலையைக் காணும் விருப்பு அவர்க்கு மீதூர்ந்தது. திருப்பருப்பதத்தை வணங்கி, தெலுங்கு நாடும் கன்னட நாடும் மாளவமும் கடந்து வாரணாசியை அடைந்தார். அதுகாறும் உடன்வந்தாரை ஆண்டு விடுத்துத் தனியே சென்றார். உணவு ஒழித்து இரவு பகலாக நடந்தார், கால்கள் தேய்ந்தன, கைகளால் ஊர்ந்தார், கைகளும் தேய மார்பால் நகர்ந்தார், பின்னர்ப் புரண்டார். இது சேக்கிழார் பெருமான் பெரியபுராணத்திற் கூறிய வரலாறு.

இதனை மேற்கோளாக எடுப்பவர் அதன் முதற்பாதியையே எடுக்கின்றனர். மறுபாதி யாது? முனிவர் வடிவுடன் எதிர்வந்த இறைவன், மானிடர்க்கு எய்தலாகாத மலை இது, மீள்க என்றான். காணாது இவ்வுடல் கொண்டு மீளேன் என்றார் அடிகள். உடனே இறைவன், பொய்கையுள் மூழ்கித் திருவையாற்றிற் காண்க எனப் பணித்தான். அடிகள் திருவைந்தெழுத்து ஓதி மூழ்கினார். காவிரிக்கரையிலுள்ள திருவையாற்றில் எழுந்தார். கயிலையின் முடியில் அவர் திருவடி படவேயில்லை. "மீளேன்" என்றவர் பணி வந்தவுடன் மீண்டார். ஆகலின் அவர் உறுதி பிடிவாதமன்று. தம் வலியைச் சோதித்தற்கு அவர் சென்றாரல்லர். தம்மைக் கொடுத்தற்குச் சென்றார். கொடுத்தவராகலின், எவ்விடத்து ஏற்றுக்கொள்வது என்பதனை ஏற்பவனுக்கே விட்டனர்.

திருவையாற்றில் அவர் கண்டது யாது என்பது இதனினும் சிந்திக்கற்பாலது. தனியே சென்றவர்க்கு இறைவன் காட்டியது தனிமையன்று. பிடியொடு களிறும், பெடையொடு சேவலும், மயிலும் குயிலும் நாரையும் கிளியும் மானும் ஏனமும் விடையும் தத்தம் துணையோடு வருதலையே கண்டார். அவற்றைச் சிவமும் சத்தியுமாகக் கண்டார். அதனையே தம் திருவையாற்றுப் பதிகத்துப் பாடல்தோறும் வைத்துப் பாடினார். கயிலையிற் காணக் கருதிய காட்சி, ஊருக்குள், உயிர்கள் ஒன்றோடொன்று கூடி வாழும் வாழ்க்கையிடையே கிடைத்தது. தனிச்செலவின் முடிவு தனிமையின்மையை உணர்தலே என்பது இதனாற் பெறப்படும்.

இன்னுமொன்று. அடிகள் உலகில் வாழ்ந்தது யாரால்? தமக்கென உறுதிசெய்யப்பட்ட கலிப்பகையார் போரில் இறந்தாராகத் தாமும் உயிர் துறக்கத் துணிந்த திலகவதியார், தம்பியார் வாழ்தற்பொருட்டு அத்துணிவை விடுத்து உயிர் தாங்கினார். அவ்வம்மையார் "என் உயிர் எனக்கே உரியது" என்று எண்ணியிருப்பின் நமக்கு அப்பர் பெருமான் இலர். தேவாரத்தில் மூன்று திருமுறைகள் இல. உடலும் கருவியும் உலகும் நுகர்ச்சியும் மலநீக்கத்தின்பொருட்டு இறைவன் உயிர்க்கு அளித்தவை. இரவற்பொருளைச் சிதைத்தற்கு இரவல் வாங்கினானுக்கு உரிமையில்லை. அப்பரை மேற்கோள் காட்டுவார் திலகவதியாரை மறத்தல் ஆகாது. எம் தமக்கையார் ஒன்றுங் கூறாது எழுந்து சென்றபோது எம் உள்ளத்தில் தோன்றியது இதுவே.

ஒத்த செயல் இரண்டு வேறு பயன் தருதற்கு மேல்நாட்டார் வரலாற்றினின்றும் எடுத்துக்காட்டுத் தரலாம். மாரிஸ் வில்சன் என்னும் ஆங்கிலேயர், நோன்பும் வேண்டுதலுமே தம்மை எவரெஸ்டு மலையின் முடிக்கு ஏற்றிவிடும் என்று நம்பினார். மலையேற்றப் பழக்கம் இல்லாதவர். சிறு வானூர்தி ஒன்றைத் தாமே செலுத்தி இந்தியாவிற்கு வந்து, 1934-ஆம் ஆண்டில் மாறுவேடத்திற் திபெத்தினுட் புகுந்தார். உடன்வந்த மலைவாணர் மீளுமாறு வேண்டவும் கேளாது தனியே மேற்சென்றார். மறு ஆண்டில் அவர் உடலே பனியிடைக் காணப்பட்டது. அவர் நோன்பை யாம் இகழ்கின்றிலேம். ஆயின் இறைவன்பால் வைத்த நம்பிக்கை என்று அவர் கருதியது, "என் நம்பிக்கைக்கு இறைவன் இணங்குவான்" என்பதாய் முடிந்தது. அது பணிதலன்று, ஏவுதல்.

அதற்கு முந்திய 1933-ஆம் ஆண்டில் அம்மலையிலேயே பிராங்க் ஸ்மைத் என்பவர், உடன்வந்தவர் உடல்நலங்குன்றி நின்றுவிட, தாம் மட்டும் ஏறி, 8,500 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தினின்று முடி எய்தாது திரும்பினார். தம்முடன் ஒருவர் வருகின்றார் என்னும் உணர்வு அவர்க்கு அங்கே இடையறாது இருந்தது. பையிலிருந்த புதினாச் சர்க்கரைக் கட்டியை இரண்டாகப் பிளந்து, ஒரு பாதியை அத்துணைவருக்குக் கொடுத்தற்குத் திரும்பியதாக அவரே எழுதியுள்ளார். காற்றின் செறிவின்மையும் களைப்பும் இத்தகைய தோற்றத்தை விளைக்கும் என்பர் அறிவியலார். அதனை மறுத்து, "வந்தவன் சிவனே" என்று சாதித்தல் சித்தாந்திக்கு வேண்டுவதன்று. யாம் கொள்வது இவ்வளவே: எல்லாச் சார்பும் அற்ற இடத்திலும் உயிரின் இயல்பு துணையை நாடுதலேயாம், அதிலும், துணையை நாடியவுடன் அவர் செய்த முதற்செயல் தம் உணவிற் பாதியைப் பகிர்ந்தது. வில்சன் தம்மை நிறுவச் சென்றார். ஸ்மைத் பகிரத் திரும்பினார். மலை ஒன்றே, உள்ளம் வேறு.

பகிர்தல் என்றவுடன் நம் திருக்காளத்தி மலையே மீண்டும் நினைவிற்கு வருகின்றது. திண்ணனார் வேட்டைமேற் சென்று, நாணனோடு அம்மலையேறிக் குடுமித்தேவரைக் கண்டார். கண்ட பொழுது அவர் உள்ளத்தில் எழுந்தது, "யான் இக்காட்டில் தனியனாயினேன்" என்பதன்று; "கரடியும் வேங்கையும் திரியும் இக்கானகத்தில் இவர் ஒருவராய்த் தனித்திருக்கின்றாரே" என்பதே. இறைவன் தனிமைக்கு அவர் இரங்கினார். இறைவற்குத் துணை வேண்டுமோ என்று நூல்வல்லார் வினவலாம். திண்ணனார் வினவினாரல்லர். இரவு முழுதும் வில்லேந்திக் காவல் நின்றார். நாணனும் காடனும் சுற்றத்தாரும் அழைத்தும் திரும்பாமல் அம்மலையில் அவர் தங்கியது உண்மையே. ஆயினும் அந்நாட்களில் ஒரு கணமேனும் அவர் தனித்திருந்தாரல்லர். தன்னைப் பற்றிய எண்ணம் ஒழிந்தவிடத்துத் தனிமையும் ஒழிந்தது. "என்னோடு யார் உளர்?" என்று கேட்பவனுக்கு மலை அச்சமாய் நிற்கும், "யான் யார்க்குத் துணை?" என்று கேட்பவனுக்கு அதுவே கோயிலாம்.

எம் ஊர்க்கு அணித்தாகிய திருவாலங்காட்டின்கண் இறைவன் திருவடிக்கீழ் அமர்ந்த காரைக்கால் அம்மையாரும் கயிலைக்குத் தனியே சென்றவரே. அவர் அம்மலையைக் காலால் மிதியாது தலையால் நடந்து ஏறினார். மலையின் முடியைக் காலின்கீழ்க் கொண்டு, "வென்றேன்" என்பார் கருத்திற்கும் இதற்கும் உள்ள தொலைவைக் கற்பார் தாமே அளந்துகொள்க.

இங்ஙனம் பிறர் வரலாற்றை எடுத்துக்கூறுதல் எளிது. எம் மருகன்பால் யாம் மறைத்து வைத்திருந்த எம் வரலாறு ஒன்று உண்டு. அதனையுங் கூறுதல் கடனாதலின் ஈண்டு எழுதுகின்றேம்.

அவன் வயதினேமாக இருந்த காலத்து யாமும் ஒரு கார்த்திகைத் திங்களில் வீட்டில் "தணிகைக்குச் செல்கின்றேன்" என்று பொய் கூறி, நாராயணவனத்தை அடுத்த கைலாசகோனை அருவிக்குச் சென்றேம். அங்கே இறைவனை வணங்கி, அத்தோடு மீளாது, தோளில் ஒரு பையோடு அருவிக்கு மேலுள்ள மலையினுள் தனியே ஏறினேம். நண்பகல் வரை வானம் தெளிந்திருந்தது. கணுக்காலளவு நீருள்ள ஓடை ஒன்றைக் கடந்து அப்பாற் சென்றேம். யாம் நின்ற இடத்தில் துளி வீழுமுன்னர், மேலே எங்கோ பெய்த மழையால் அவ்வோடை செந்நிறங்கொண்டு பெருகியது. அம்மலைகள் பாறைச் சரிவுகளாதலின் பெய்த நீரை உள்வாங்காது உடனே உருட்டிவிடும். முழங்காலளவு விரைநீரே ஒருவனைத் தள்ளி வீழ்த்தப் போதும். அது மார்பளவு வந்தது. பின்னர் மழையும் வந்தது.

அவ்விரவு ஒரு பாறையிடுக்கில் நனைந்து கிடந்தேம். அங்கே இறைவனை உணர்ந்தேமோ எனின், இல்லை என்பதே உண்மை. முதலில் அச்சம், பின்னர் மழைமேற் சினம், பின்னர் எம்மேற் சினம், நள்ளிரவிற்குப்பின் விளக்கேற்றி வாயிலில் அமர்ந்திருக்கும் அன்னையின் முகம். ஐந்தெழுத்தை ஓத முயன்றேம். பற்கள் ஒன்றோடொன்று மோதியமையின் நா அதனைச் சொல்லவில்லை. விடியற்காலையில் ஓடைக்கு அக்கரையில் ஆட்டிடையர் ஒருவர் வந்தார். தெலுங்கில் ஏதோ கூவி, கையாற் குறிகாட்டி, மேலே நெடுந்தொலைவில் பாறைகள் நெருங்கிய ஓரிடத்தில் தாமே இறங்கி வந்து எம் கைப்பற்றிக் கடத்தினார். தம் கம்பளியை எம்மேற் போர்த்தார். துணி முடிச்சினின்று கேழ்வரகுக் களியை எடுத்துப் பாதியை எமக்குத் தந்தார். எம் பெயரையும் ஊரையும் குலத்தையும் வினவவில்லை. வழிகாட்டி விடுத்து ஆடுகளின் பின் போயினார்.

இதில் நாணத்தக்கது யாம் வழிதப்பியதன்று. வீடு திரும்பிய பின்னர், "மழைக்காலத்தில் மலைமேல் ஓரிரவு தனியே இருந்தேன்" என்று பல்லாண்டுகள் பலரிடத்துங் கூறினேம். அவ்வாறு கூறுந்தோறும் அவ்விடையரை விட்டுவிட்டே கூறினேம். பொய் கூறவேண்டும் என்று கருதினேமல்லேம். அவரைச் சேர்த்துச் சொன்னால் கதையின் சிறப்புக் குன்றுவதுபோலத் தோன்றிற்று. அங்ஙனம் தோன்றச் செய்தது எதுவோ அதுவே ஆணவம். நூலில் அதன் இலக்கணத்தைப் பலமுறை படித்தும் காணாத யாம், அதனை எம் வாயிலேயே நெடுங்காலம் வைத்திருந்தேம்.

இனி இரண்டாவது காரணத்திற்கு விடை கூறுதும். மலையும் மழையும் இறைவன் திருவுருவே, ஐயமில்லை. நிலம், நீர், தீ, வளி, வான், ஞாயிறு, திங்கள், உயிர் என அட்டமூர்த்தம் எட்டு. காட்டு மலையில் முதல் ஏழனையும் நாட்டினுங் காட்டில் விளக்கமாகக் காணலாம் என்பதும் மெய்யே. ஆயின் எட்டாவது திருவுரு உயிரன்றோ? ஏழனைக் காணும்பொருட்டு எட்டாவதனை வெறுத்து ஓடுபவன் இறைவன் திருவுருவில் ஒன்றை மறுத்தவனாவான். எமக்கு அம்மலையில் நிலமும் நீரும் வளியும் காட்சி தந்தன; அவை எம்மைக் காத்தில. எம் கையைப் பற்றியது எட்டாவது திருவுருவே. இறைவன் ஆண்டு வந்திலன் என்று யாம் எண்ணியிருந்தது பிழை. யாம் எதிர்பார்த்த வடிவில் வந்திலன் என்பதே உண்மை.

அற்றேல், எவரும் மலைக்குத் தனியே செல்லுதல் ஆகாதோ எனின், அற்றன்று. தன் வலிமேற் கொண்ட மயக்கத்தைத் தகர்த்தற்கு மலையினும் சிறந்த ஆசிரியர் சிலரே. ஊரில் கடையும் விளக்கும் மருத்துவமனையும் தாங்கிநிற்றலான், தாங்கப்படுவதனை மறந்து "யானே நிற்கின்றேன்" என்று இருக்கின்றோம். தாங்குவன விலகிய இடத்து உயிர் தன் சார்புநிலையை உணர்தல் கூடும். அவ்வுணர்வு பணிவாக மாறுமாயின் அச்செலவு சரியையின் பாற்படும். தணிகையின் 365 படிகளை ஏறி வணங்குதற்கு அஃது ஒப்பாம். "பிறர்க்கு இயலாததனை யான் செய்தேன்" என்று மாறுமாயின், அது மலத்திற்கு இட்ட எருவாம்.

எனவே செல்லக் கருதுவான் தன்னைத் தானே வினவிக்கொள்ளத் தக்கவை மூன்று. தன்னை நம்பி வாழ்வார்க்கு உண்மை கூறி, அவர் உள்ளம் இசையச் செல்கின்றானா என்பது முதலாவது. பொய் கூறித் தொடங்கிய வழி எத்திருத்தலத்தையும் சென்று சேராது. அஞ்சத் தக்கதனை அஞ்சி, மீளவேண்டிய இடத்து மீளும் உள்ளம் உண்டா என்பது இரண்டாவது. 1998-ஆம் ஆண்டு ஆகத்துத் திங்களில், கயிலைச் செலவிற்குரிய வழியிலுள்ள மால்பா என்னும் ஊரில் மலை சரிந்து, திருக்கயிலை யாத்திரிகர் பலர் உட்பட 200-க்கு மேற்பட்டோர் இறந்தனர். 2018-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் தேனி மாவட்டத்துக் குரங்கணி மலையிற் காட்டுத்தீயிடைப்பட்டு இருபதின்மர்க்கு மேற்பட்டோர் மாண்டனர். இவருட் பலர் கூட்டமாகவே சென்றவர். துணையோடு சென்றார்க்கே இஃதாயின், தனியன் மழையோடு பொருதற்கு உரியனல்லன். ஆற்றின் பெருக்கும் வனத்துறையின் தடையும் முனிவர் வடிவில் வந்து "மீள்க" என்றவன் குரலாகலாம் என்று கொள்ளுதல் அடியார்க்கு இழிவன்று. திரும்பி வந்தபின் யாரை நினைப்பான் என்பது மூன்றாவது. வழிகாட்டினானையும், உணவிட்டானையும், வாயிலில் விளக்கோடு இருந்தாளையும் நினைந்து கூறுவானாயின், அவன் தனியே சென்றும் தனித்திலன்.

இவற்றையெல்லாம் எம் மருகனுக்கு ஒரு மாலைப்பொழுதில் எடுத்துரைத்தேம். "போகாதே" என்னும் சொல்லை யாம் கூறவில்லை. ஆட்டிடையர் செய்தி வந்தபோது அவன் தலைநிமிர்ந்து எம்மை நோக்கினான். அச்செய்தியை அவன் அதற்குமுன் கேட்டதில்லை. ஆயின் யாம் தனியே ஓரிரவு இருந்த கதையைச் சிறுவனாக எம் மடிமேல் இருந்து பன்முறை கேட்டிருக்கின்றான். அவனை மலைக்கு இழுத்தது அக்கதையே என்பது அப்பொழுதுதான் எமக்கு விளங்கிற்று. எம் ஆணவம் எம்மோடு நில்லாது, ஒரு தலைமுறை கடந்து, எம் தமக்கையார் வீட்டு வாயில் வரை சென்றிருந்தது.

அவன் நெடுநேரம் பேசாதிருந்தான். பின்னர், "மாமா, அந்த இடையர் பெயர் என்ன?" என்று கேட்டான்.

"கேட்டேனில்லை" என்றேம்.

மழை ஓய்ந்தபின், தைத் திங்களில், தன் அன்னையாரையும் உடன்கொண்டு கைலாசகோனைக்குச் சென்று வழிபட்டு வரலாம் என்று அவனே கூறினான். அம்மலையடிவாரத்து ஊர்களில் ஆடு மேய்க்கும் முதியோரைக் கண்டு உசாவ வேண்டும் என்பது எம் விருப்பம். அவர் இப்பொழுது இருப்பாரோ இலரோ அறியேம். இருப்பினும் இல்லையாயினும், அவர் தந்த பாதிக் களிக்கு ஈடாக அங்கே பசித்து வருவார் ஒருவர்க்கேனும் உணவிட்டு மீள்வதே இனி எம்மால் இயல்வது. உயிர்க்குத் துணையாய் என்றும் உடனின்று, யாம் மறந்த காலத்தும் மறவாது வந்து கைப்பற்றும் இறைவன் திருவருள் அதற்கும் முன்னிற்பதாக.

திருச்சிற்றம்பலம்